மாடியிலிருந்து பார்த்தால் தொப்பிதான் தெரியும்

ஏப்ரல் 9, செவ்வாய்

சுண்ணாம்பு அடித்து முடித்தாயிற்று. முழங்கை வரை வெள்ளை, தலைமுடியிலும் வெள்ளை. முடியில் எது சுண்ணாம்பு எது வயசு என்று இனி யாரும் பிரித்துச் சொல்ல முடியாது. முதுகு விண்விண் என்று தெறிக்கிறது. அறுபத்தேழு வயசில் ஏணி ஏறாதே என்று சொல்ல வீட்டில் ஓர் ஆள் இருந்திருந்தால் ஏறியிருக்க மாட்டேன்.

எதிர்வீட்டுக்காரி பூரா வாசலில் வந்து இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தாள். உதவிக்கு வரவில்லை, வேடிக்கைக்கு.

"ஆறு வருஷமா சாத்திக் கெடந்த கதவு. இப்ப என்னடி திடீர்னு முற்றம் திறக்கற ஆசை? பரிசு வாங்கிப் பல்லு கட்டப் போறியா?"

"ஆமா, உன்னைக் கடிக்கறதுக்கு."

சிரித்துக்கொண்டே போய்விட்டாள். மே மாதம் நகரசபை நடத்தும் பூமுற்றப் போட்டிக்கு அவள் வீட்டு முற்றம் வருஷா வருஷம் ஊரார் வந்து பார்க்கத் திறக்கும். மூன்று தடவை பரிசும் வாங்கியிருக்கிறாள், அதைச் சொல்லாமல் அவளுக்கு ஒரு வாக்கியம் முடியாது. இன்று அதைச் சொல்லவில்லை. அதனால்தான் சந்தேகமாக இருக்கிறது, ஏதோ புரிந்துகொண்டிருக்கிறாள்.

ஏப்ரல் 10

இருநூற்று முப்பது தொட்டி. கடைசித் தொட்டிக்கு நீல வண்ணம் அடிக்கும்போது முதல் தொட்டியில் தூசி.

ஏப்ரல் 18, பெரிய வியாழன்

கர்த்தரின் பவனி எங்கள் சந்து முனை வழியாகப் போனது. முரசுச் சத்தம் கேட்டது, நான் போகவில்லை. வறுத்த ரொட்டியை ஒயினிலும் தேனிலும் ஊறப்போட்டுச் செய்தேன். நாலு பேருக்குச் செய்யும் அளவுதான் கைக்குத் தெரியும். இரண்டு சாப்பிட்டேன், மீதியை எதிர்வீட்டு பூராவிடம் கொடுத்தேன்.

ஏப்ரல் 22, திங்கள்

ஏன் திறக்கிறாய், அராசேலி? மற்றவர்களிடம் எதையும் சொல்லிக்கொள். இந்த நோட்டுப் புத்தகத்திடம் பொய் சொல்லாதே.

அம்மாவை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று, இதே முற்றத்தில், கிணற்றடியில் வைத்துச் சொன்னேன். ஃபுவென்சாந்தாவிடம். என்னைவிட நாலு வயசு மூத்தவள். ஒரே வயிற்றில் பிறந்தவள். அம்மா படுக்கையில் கிடந்த பதினான்கு மாதமும் நான் ஒருத்தியாகத் தூக்கினேன், துடைத்தேன். அவள் ஆற்றுக்கு அந்தப் பக்கம், காம்போ தெ லா வெர்தாத்தில், புருஷனுக்கு இருதயக் கோளாறு என்று ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்துபோனாள். அன்றைக்கு அவள் மாடியையும் செடிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு எங்கிருந்தோ பொத்துக்கொண்டு வந்தது. "நல்லா சுத்திப் பாரு. நீ எப்பவும் இந்த வீட்டை வேடிக்கை பாக்கத்தானே வந்தே. மே மாசம் வரிசையில வர்றவங்களுக்கும் உனக்கும் என்ன வித்தியாசம்?"

உறவுக்காரர்கள் அத்தனை பேரும் நின்றார்கள். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும்.

"சரி. அவங்களுக்கு எப்பக் கதவு திறப்பியோ அப்ப வர்றேன். வரிசையில நின்னே வர்றேன்."

நான் திறக்கவில்லை. முதல் வருஷம் துக்கம் என்றேன். அப்புறம் முழங்கால் என்றேன், தண்ணீர்க் குழாய் என்றேன். ஆறு மே மாதம் போய்விட்டது. அவள் புருஷன் செத்ததையும் யாரோ சொல்லித்தான் கேட்டேன். அதற்கும் போகவில்லை. அதை நினைத்தால் இப்போதும் முகம் சுடுகிறது.

இந்த ஜனவரியில் காய்ச்சலில் ஐந்து நாள் படுத்துக் கிடந்தேன். ஐந்தாம் நாள் காலை எழுந்து பால் பாத்திரத்தைத் தேடும்போது "எங்க வச்சேன்" என்று ஒரு குரல் கேட்டுத் திடுக்கிட்டேன். என் குரல்தான். ஐந்து நாளாக அது வெளியே வரவே இல்லை.

மறுவாரம் நகரசபைக்குப் போய், முற்றத்தைத் திறக்கிறேன் என்று மனு எழுதிக் கொடுத்தேன்.

போன் செய்தால் நான் தோற்றவள். கதவைத் திறந்தால், அது ஊருக்காகத் திறந்தது. அவள் வந்தால், ஊரோடு வந்தது. யாரும் யாருக்கும் தலைகுனிய வேண்டாம். அவள் சொன்ன சொல்லை மறந்திருக்க மாட்டாள். எங்கள் வீட்டில் யாரும் எதையும் மறக்க மாட்டோம், அதுதானே வியாதி.

மே 6, திங்கள். முதல் நாள்

1,140 பேர்.

எண்ணிக்கை என்னுடையதில்லை, எவுசேபியோவுடையது. வாசலில் நிற்க நகரசபை அனுப்பிய ஆள். கொத்தனார், வேலை நின்றுபோய் இரண்டு வருஷமாம். கையில் ஒரு சின்ன எண்ணும் கருவி. உள்ளே ஒரு தலை நுழைந்தால் ஒரு டிக். இருபது பேருக்கு மேல் உள்ளே விடுவதில்லை, வெளியே போனால்தான் அடுத்தவர். காலை பதினொன்றிலிருந்து இரண்டு வரை, மறுபடி சாயங்காலம் ஆறிலிருந்து பத்து வரை. பதினான்கு நாள் போகட்டும், தூக்கத்திலும் டிக் டிக் என்றுதான் கேட்கும்.

காலையில் கிணற்றடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஒரு வெளிநாட்டு அம்மாள் கைகாட்டிக் கொஞ்சம் தள்ளிப் போகச் சொன்னாள், படத்தில் நான் விழுகிறேனாம். என் வீட்டுக் கிணற்றடியில்! தள்ளிப் போனேன். ஒருவர் அடுப்படித் திரையை விலக்கி என் மதியச் சாப்பாட்டைப் படமெடுத்தார். தக்காளிக் கூழும் அவித்த முட்டையும். மூன்றாவது ஒருவர் எவுசேபியோவிடம் கேட்டாராம், இங்கே நிஜமாகவே யாராவது குடியிருக்கிறார்களா என்று.

"நீ என்ன சொன்னே?"

"ஒரு அம்மா இருக்காங்க, ஆனா கடிப்பாங்கன்னு சொன்னேன்."

சாயங்காலம் மாடிக்குப் போய்விட்டேன். மாடி நடையின் கைப்பிடியில் சாய்ந்து நின்றால் காகிதப்பூக் கொடி மறைக்கும். வாசலும் தெரியும், முற்றமும் தெரியும், என்னை யாருக்கும் தெரியாது. முதலில் நான் அவளைப் பார்க்க வேண்டும். அவள் என்னைத் தேட வேண்டும். அப்புறம்தான் இறங்குவேன்.

1,140 பேரில் ஒருத்தர்கூட என் பெயர் கேட்கவில்லை. அவள் வரவில்லை.

மே 7

1,206. இல்லை.

மே 8

மழை. 390. குடைகள் மட்டும்.

மே 9, வியாழன்

மதியம் முற்றம் மூடியிருந்த நேரத்தில் எதிர்வீட்டு பூரா வந்தாள். ஒரு கிண்ணம் நத்தைக் குழம்பு வாங்கி வந்திருந்தாள், புதினா மணக்க மணக்க. சதுக்கத்து நத்தைக் கடைக்காரன் இன்னும் உப்பை அள்ளித்தான் போடுகிறான். நானும் அவளும் குச்சியால் குத்திக் குத்தித் தின்றோம்.

"மாடியில காவல் நிக்கறியே, யாரைத் தேடறே?"

"யாரையும் தேடலை. செடியப் பாத்துக்கறேன்."

"செடி கீழ இருக்கு, கண்ணு வாசல்ல இருக்கு."

காப்பி போட எழுந்தேன். அவள் கண் எலுமிச்சை வாசப் புதர் மேல் இருந்தது எனக்குத் தெரியும். அதில் ஒரு கொப்புக்கு அவள் ஆசைப்பட்டு ஒரு மாதம் ஆகிறது. கேட்க மாட்டாள். கேட்டு வாங்கிய கொப்பு வேர் பிடிக்காது, திருடியதுதான் பிடிக்கும். இந்த ஊரில் பால்குடிக்கும் பிள்ளைக்கும் இது தெரியும். ஆகவே வீட்டுக்காரி செய்ய வேண்டியது ஒன்றுதான்: முதுகைக் காட்டிக்கொண்டு உள்ளே போய், தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். நின்றேன். சர்க்கரை எங்கே, சர்க்கரை எங்கே என்று சத்தமாகத் தேடினேன். வெளியே வந்தபோது பூரா கைப்பையை மடியில் வைத்துப் பத்திரமாக உட்கார்ந்திருந்தாள், பையின் வாயில் ஒரு பச்சை இலை எட்டிப் பார்த்தது. நாங்கள் விலைவாசி பற்றிப் பேசினோம்.

இந்த வீட்டுச் செடிகளில் பாதி அம்மா அப்படித் திருடியவை. கிணற்றடித் தொட்டியில் தொங்குகிற ஜெரேனியம், கருஞ்சிவப்பு, அது அம்மாவின் கல்யாண வருஷம் ஏதோ மடத்துச் சுவரிலிருந்து வந்தது. கன்னியாஸ்திரீ ஜன்னலைச் சாத்திக்கொண்டாளாம். அவ்வளவு நல்ல மனுஷி.

1,311. இல்லை.

மே 11, சனி

எங்கும் தலை. வரிசை சந்து திரும்பி மாதா கோயில் வரை நின்றதாம். நான் மாடியிலிருந்து இறங்கவே இல்லை. ஒரு பிள்ளை தொட்டியில் கால் வைத்து ஏறினான். ஒருத்தி என் பூக்களைக் கிள்ளித் தலையில் செருகிக்கொண்டு படம் எடுத்தாள். ஒன்றில்லை, நாலு பூ. ஒரு சிவப்பு மண்தொட்டி உடைந்தது, யார் என்று தெரியவில்லை. பொறுத்தேன், பொறுத்தேன்.

எட்டு மணிக்கு ஒருத்தியைக் கையும் களவுமாகப் பிடித்தேன்! பெரிய மசூதி வாசலில் விற்பார்களே, அந்த வைக்கோல் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, கழுத்தில் துணி. சுத்த டூரிஸ்ட். கிணற்றடிக்கு வந்து அம்மாவின் ஜெரேனியத்துக்கு முன்னால் குனிந்தாள். கை உள்ளே போனது. அம்மாவின் செடி! எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. மாடியிலிருந்தே கத்தினேன்.

"ஏய், திருடி! கையை எடு! வைக்கோல் தொப்பி, உன்னைத்தான்! வெளியே போ!"

இருபது பேரும் திரும்பினார்கள். செல்போன்கள் எல்லாம் அவள் பக்கம். யாரோ சிரித்தார்கள். அவள் கையிலிருந்ததைப் போட்டுவிட்டாள். நிமிர்ந்து பார்க்கக்கூட இல்லை. எவுசேபியோ போய் ஏதோ சொன்னான், அவள் வெளியே நடந்துவிட்டாள். அதற்கப்புறம் மூடும் வரை ஒருவரும் ஒரு இலையைத் தொடவில்லை.

நல்லது. ஒரு தடவை கத்தினால் போதும் போலிருக்கிறது. முன்பே செய்திருக்க வேண்டும்.

1,702. அவள் இல்லை. இந்தக் கூட்டத்தில் எப்படி வருவாள்.

மே 12, ஞாயிறு

காலையில் பெருக்கினேன். கிணற்றடியில் அந்தக் கொப்பு கிடந்தது.

பூ இல்லாத கொப்பு.

டூரிஸ்ட் பூவைத்தான் கிள்ளுவாள். இது பூவே விடாத இளங்கொப்பு. கணுவுக்கு ஒரு நூல் கீழே, கட்டைவிரல் நகத்தால் அறுத்தது. அடி இலை இரண்டையும் அப்போதே உருவியாயிற்று. நடுகிற கை. அம்மா எங்கள் இரண்டு பேருக்கும் இப்படித்தான் சொல்லிக் கொடுத்தாள். வேறு யாரும் இப்படி ஒடித்து நான் பார்த்ததில்லை.

தொட்டியின் பின்பக்கம் கையை விட்டுப் பார்த்தேன். காய்ந்த இலைகள், ஒரு பிடி, அடியில் செருகி வைத்திருந்தது. அம்மா தரையில் போட விட மாட்டாள். "குப்பையை வேருக்குக் குடு" என்பாள்.

கிணற்றுத் திட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பதினொன்றரைக்கு எவுசேபியோவிடம் கேட்டேன், நேற்று அந்தத் தொப்பிக்கார அம்மா எப்படி நடந்தாள் என்று.

"இடது காலைக் கொஞ்சம் இழுத்து."

ஒன்பது வயசில் இந்த மாடிப் படியில்தான் விழுந்தாள். நான்தான் தள்ளினேன். அம்மாவிடம் அவள் கடைசி வரை சொல்லவில்லை.

"பாவம் அராசேலியம்மா அவங்க. செவ்வாக்கெழமையும் வந்தாங்க. வியாழக்கெழமையும் வந்தாங்க. ஒரு மணி நேரம் வெயில்ல வரிசையில நிப்பாங்க. உள்ள வந்தா, மூலை மூலையா யாரையோ தேடுவாங்க. வீட்டுக்காரங்க இல்லையான்னு கேட்டாங்க. மேல இருப்பாங்க, எறங்க மாட்டாங்கன்னு நான்தான் சொன்னேன்."

மூணு தடவை. மூணு தடவை வந்திருக்கா. சொன்ன மாதிரியே வரிசையில நின்னு வந்திருக்கா. நான் மேல நின்னு எதைப் பாத்தேன்? தொப்பியப் பாத்தேன். மாடியிலேர்ந்து பாத்தா தொப்பிதானேடி தெரியும், முட்டாளே! மூஞ்சி எப்படித் தெரியும்? கறுப்பு முடியத் தேடினேன், ஆறு வருஷத்துக்கு முந்தின முடிய. யாருக்கு இன்னும் கறுப்பா இருக்கு?

திருடின்னு சொன்னேன். அம்மா வீட்டுல, அம்மா செடிகிட்ட நின்னவள, ஊரு கூடியிருக்கையில வெளியே போன்னு சொன்னேன். ரெண்டாவது தடவை. அதே எடத்துல.

அக்கா.

மே 13

கொப்பைத் தண்ணீர் டம்ளரில் வைத்தேன். வாடிவிட்டது. போனில் எண்ணை முழுக்க அழுத்தினேன், மணி அடிக்கும் முன் வைத்துவிட்டேன். என்ன சொல்வது? நீ என்று தெரியாமல் திருடி என்றேன் என்றா? யாராக இருந்தாலும் சொல்லக்கூடாத சொல்.

மே 15, புதன்

நடுவர்கள் வந்தார்கள். ஐந்து பேர், கையில் அட்டை. சுவரில் ஒரு துளி அழுக்கில்லை என்றார் ஒருவர். தகர டப்பா கட்டிய நீளக் கம்பால் மாடித் தொட்டிகளுக்குத் தண்ணீர் விட்டுக் காட்டச் சொன்னார்கள். காட்டினேன். பாதி தண்ணீர் என் தலையில். அவர்கள் கைதட்டினார்கள். அவர்கள் போனதும் பூரா வந்தாள்.

"சனிக்கெழமை கொப்பு ஒடிச்சவளைப் பாத்துக் கத்தினியாமே? ஊரே பேசுது. நம்ம ஊர்க்காரி செய்யற வேலையா அது? என்னையும் போலீஸ்ல பிடிச்சுக் குடுக்க வேண்டியதுதானே, உன் எலுமிச்சைப் புதர் என் மாடியில ஜோரா நிக்குது."

சொல்லிவிட்டேன். யாரென்று சொல்லிவிட்டேன். ஆறு வருஷமாகச் சொல்லாததையும் சேர்த்து. அழுதேன் என்றும் எழுத வேண்டுமா? அழுதேன்.

பூரா துண்டை எடுத்து என் தலை ஈரத்தைத் துடைத்துவிட்டாள்.

"அந்தச் செடியத் தொட்டியோட தூக்கிட்டுப் போய் அவகிட்டக் குடு."

"குடுத்தா பிடிக்காது."

"அதுவும் சரிதான்" என்றாள். நிஜமாகவே யோசித்துவிட்டுச் சொன்னாள்.

இன்று நான் வாசல் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். வருகிற ஒவ்வொரு முகத்தையும் பார்த்தேன். எல்லோரும் எனக்கு வணக்கம் சொன்னார்கள். நாலு பேர் என் பெயர் கேட்டார்கள். எல்லாம் காலம் கடந்து.

மே 17

மதிய இடைவேளையில் ரோமர் பாலம் வரை போனேன். நடுப் பாலத்தில் ரபேல் தேவதூதருக்கு மெழுகுவத்தி ஏற்றினேன். அக்கார்டியன்காரன் வாசித்துக்கொண்டிருந்தான். அதற்கு அந்தப் பக்கம் கால் போகவில்லை. திரும்பிவிட்டேன்.

மே 19, ஞாயிறு. கடைசி நாள்

பத்து மணிக்கு எவுசேபியோ கதவைச் சாத்தினான். பதினான்கு நாளில் 15,877 பேர். கருவியை என்னிடம் காட்டிவிட்டுச் சுழியத்துக்குத் திருப்பினான். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவங்க வரலையே அம்மா" என்றான். நான் அவனிடம் ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை.

பரிசு எதுவும் இல்லை. பூராவுக்கு இரண்டாவது. "உன் முற்றம் அழகுதான், வீட்டுக்காரிக்குத்தான் மார்க்கு கொறைச்சுட்டாங்க" என்றாள். வேறு நாளாயிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

மே 20

டிக் சத்தம் இல்லை. குழாய் சொட்டுவது கேட்கிறது. இரண்டு வாரம் பதினைந்தாயிரம் பேர் நடந்த தரை இது. இன்று என் செருப்பு மட்டும்.

மே 21, செவ்வாய்

போனேன்.

ராத்திரி படுத்தே யோசித்து வைத்தேன். காலையில் எழுந்ததும் யோசனை மாறிவிடும் என்று பயந்தேன், மாறவில்லை. நல்ல பாவாடை உடுத்திக்கொண்டேன். கையில் ஒன்றும் கொண்டுபோகவில்லை. கொண்டுபோனால் அது கொடுத்ததாகிவிடும்.

பாலம் தாண்டி மூன்றாவது தெரு. தரைத்தளம், ஜன்னலுக்குக் கம்பி. கம்பியில் ஆறு தொட்டிகள். எல்லாம் சந்தையில் வாங்கிய வெளிர்ச் செடிகள், ஊருக்கெல்லாம் ஒரே மாதிரி இருக்குமே, அது. ஏழாவது தொட்டி காலி. புதிதாக நீலம் அடித்திருந்தது. உள்ளே மண் கிளறி, ஈரமாக, நடுவில் விரலால் ஒரு குழி. கொப்பு வைக்கிற குழி. பத்து நாளாக அப்படியே காத்திருக்கிறது. ஈரம் மட்டும் காயாமல் தினமும் யாரோ தண்ணீர் விட்டிருக்கிறார்கள்.

ஜன்னல் திரைப்பலகை பாதி இறங்கியிருந்தது. உள்ளே ரேடியோ.

நான் நடுத்தெருவில், பதினொரு மணி வெயிலில், எல்லோரும் பார்க்க, கம்பிக்குள் கையை விட்டு, முதல் தொட்டியிலிருந்து ஒரு கொப்பை ஒடித்தேன். நகத்தால் இல்லை. சத்தம் கேட்கும்படி முறித்தேன்.

எதிர் மாடியிலிருந்து ஒருத்தி பிடித்துக்கொண்டாள். துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள்.

"ஏய்! ஏய் கெழவி! பட்டப்பகல்ல அடுத்தவங்க செடியத் திருடறியே, வெக்கமா இல்ல?"

"திருடறேன்தான்!" என்றேன். எனக்கே என் குரல் பெரிதாக இருந்தது. "நல்லா பாத்துக்க! ஆத்துக்கு அந்தப் பக்கம் சாந்தா மரீனாவிலேர்ந்து வந்து திருடறேன்! நான் திருடி!"

தெருவில் இரண்டு பேர் நின்றார்கள். பாலத்துக்குப் போகிற டூரிஸ்ட் கும்பல் ஒன்று திரும்பிப் பார்த்தது. எடுங்கள், படம் எடுங்கள் என்று நினைத்தேன்.

"ஃபுவென்சாந்தா! ஃபுவென்சாந்தா, வெளிய வா! ஒருத்தி உன் செடிய ஒடிக்கறா!" என்று மாடிக்காரி அலறினாள்.

ரேடியோ நின்றது. நான் நகரவில்லை.

திரைப்பலகைக்குப் பின்னாலிருந்து அவள் குரல். ஆறு வருஷம். கொஞ்சம் கரகரத்துவிட்டது, ஆனால் அவள்தான்.

"சும்மா கத்தாத, லோலி. நான் ஒண்ணும் பாக்கலையே. நீ என்னத்தப் பாத்தே?"

அப்புறம் மிச்சப் பலகையும் மெதுவாகக் கீழே இறங்கியது, முழுசாக. நான் எடுத்துக்கொண்டு போகட்டும் என்று.

எப்படி வீடு வந்தேன் என்று தெரியவில்லை. பாலத்தில் வாசித்துக்கொண்டிருந்த அக்கார்டியன்காரனை நிறுத்தி மணி கேட்டது மட்டும் ஞாபகம்.

அவள் எனக்குச் செய்தது அதுதான். நான் அவளுக்குச் செய்திருக்க வேண்டியதும் அது ஒன்றுதான். முகத்தைத் திருப்பிக்கொள்வது. எவ்வளவு சின்ன வேலை.

மே 22

அவள் கொப்பை அம்மா தொட்டிக்குப் பக்கத்தில் நட்டேன். வெளிர்ச் சிவப்பு. இந்த முற்றத்திலேயே அதுதான் மட்டமான செடி. பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

மே 24, வெள்ளி

நேற்றும் இன்றும் மதியம் சாப்பாட்டுக்கப்புறம், தெருவே தூங்குகிற நேரத்தில், தெருக்கதவைத் தாழ் போடாமல் விட்டேன். ஒரு விரல் அளவு திறந்து. நேற்று பூனை வந்தது.

இன்று நாலு மணிக்குக் கதவு கிறீச்சிட்டது. நான் அடுப்படியில் இருந்தேன், காப்பி போட்டுக்கொண்டு. திரும்பவில்லை. ஓர் அடி, இழுத்து ஓர் அடி. கிணற்றடி வரை. இரண்டு கையாலும் பாத்திரம் கழுவுகிற தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அதற்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றேன். "சர்க்கரை எங்க வச்சேன், சர்க்கரை எங்க வச்சேன்" என்று சத்தமாகச் சொன்னேன்.

காப்பி பொங்கி அடுப்பில் வழிந்தது. அணைக்கவில்லை. எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம் நின்றேன். அதற்கு மேலும் நின்றேன். கதவுச் சத்தம் மறுபடி கேட்டது.

வெளியே வந்தபோது யாரும் இல்லை. அம்மாவின் ஜெரேனியத்தில் ஓர் இளங்கொப்பு குறைந்திருந்தது, கணுவுக்கு ஒரு நூல் கீழே. தொட்டிக்குப் பின்னால் புதிதாக ஒரு பிடி காய்ந்த இலை. என் வெளிர்க் கொப்பைச் சுற்றி மண்ணை யாரோ விரலால் அழுத்திவிட்டிருந்தார்கள். நான் தளரவே நட்டிருக்கிறேன் போல.

நாற்காலியின் மேல் அந்த வைக்கோல் தொப்பி.

மே 27

மறந்துவிட்டுப் போனாளா? எங்கள் வீட்டில் யாரும் எதையும் மறக்க மாட்டோம்.

ஜூன் 2, ஞாயிறு

கதவைத் தட்டினாள். திறந்தேதான் இருந்தது, இருந்தும் தட்டினாள். முடி பஞ்சு மாதிரி. கறுப்புக் கண்ணாடி இல்லை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், உள்ளே கால் வைக்கவில்லை.

"வெயில் தாங்கல. என் தொப்பிய இங்க எங்கயோ வச்சுட்டேன். எடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

சொல்ல வேண்டியது எவ்வளவோ இருந்தது. இரண்டு வாரமாக மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். திருடி என்றதற்கு, வேடிக்கை பார்க்க வந்தவள் என்றதற்கு, அவள் புருஷன் சாவுக்குப் போகாததற்கு.

"தொப்பியா?" என்றேன். "நான் ஒண்ணும் பாக்கலையே."

அவள் என் முகத்தையே பார்த்தாள். வாயின் ஓரம் துடித்தது. சிரிப்பா, மற்றதா, தெரியவில்லை.

"அப்ப உள்ள வந்துதான் தேடணும்."

"தேடிப் பாரு."

ஜூன் 30, ஞாயிறு

இரண்டு கொப்பும் வேர் பிடித்துவிட்டன. என்னுடையதற்குத் தண்ணீர் அதிகமாம், அக்கா சொல்கிறாள்.

இன்றும் தொப்பியைத் தேடி வந்தாள். ஐந்தாவது ஞாயிறு. அது அடுப்படி ஆணியில், மேசைக்கு நேர் மேலே, தொங்குகிறது. அதன் கீழே உட்கார்ந்துதான் சாப்பிடுகிறாள்.